பால்பண்ணையில் ஒரு காபரே

காபரே என்றதும் நம்ம ஆட்களுக்கு எழுபதுகளின் தமிழ்ப்படம்தான் ஞாபகம் வரும். வில்லன் சோபாவில் சாய்ந்து கிளாஸை உருட்டிக்கொண்டிருப்பான். நடுவில் ஒரு அம்மணி ஆடிக்கொண்டிருப்பார். ஹீரோ ஒட்டுத்தாடியும் கன்னத்தில் மருவுமாக மூலையில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருப்பார், வில்லனுக்கு மட்டும் அவரை அடையாளமே தெரியாது :-) நான் எழுதப்போகிற காபரேயிலும் டிரம் உண்டு, மாறுவேஷம் உண்டு, பாட்டு உண்டு. வில்லன்கள் மட்டும் வெளியே இருந்தார்கள். வெளியே என்றால் சுவிட்சர்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம், பதுங்குகுழிகளில் சின்னப் பையன்களை வரிசையாக இறக்கிவிட்டபடி.

இடம் ஜூரிச். பெயர் காபரே வோல்டேர். 1916 பிப்ரவரி 5, சனிக்கிழமை திறந்தார்கள். ஜூலை தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். ஆக மொத்த ஆயுசு ஐந்தே மாதம். ஐம்பது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும் அளவுக்குத்தான் இடம்.

நம் சிறுபத்திரிகைக் கட்டுரைகளில் சர்ரியலிசம் வரும்போது, அதற்கு முந்தின வரியில் 'டாடாயிசம்' என்று ஒரு சொல் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிடும். அது பிறந்த வீடு இதுதான். கூடவே ஹியூகோ பால், ட்ரிஸ்டன் ஸாரா என்று இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். எம்மி ஹென்னிங்ஸ் என்ற பெயர் பெரும்பாலும் வராது. வந்தாலும் பாலின் மனைவி, பாடகி என்று அடைப்புக்குறிக்குள் அடங்கிவிடும். எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். இந்தக் கதையை அந்த அம்மாவிடமிருந்து ஆரம்பித்தால்தான் சரியாக வரும் என்று தோன்றுகிறது.

எம்மி 1885ல் ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லையை ஒட்டிய ஃப்ளென்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா கடலோடி. சின்ன வயசிலேயே கல்யாணம். முதல் குழந்தை இறந்துபோனது. புருஷன் விட்டுவிட்டுப் போனான். அடுத்துப் பிறந்த மகளைத் தன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்தார். கம்பெனி படுத்துவிட்ட மாதங்களில் வீடு வீடாக ஏறி இறங்கிச் சாமான் விற்றார். வேறு வழியில்லாத ராத்திரிகளில் உடம்பையும் விற்றிருக்கிறார். போதை மருந்துப் பழக்கம் இருந்தது. திருட்டுக் குற்றத்துக்காக ஜெயிலுக்கும் போனார். நான் ஊர்வம்பு பேசவில்லை. 'சிறை' என்று 1919லும், 'சூட்டுத் தழும்பு' என்று 1920லும் (தலைப்புகளின் தமிழ் என்னுடையது) அவரே இந்த வாழ்க்கையை நாவல்களாக எழுதி வெளியிட்டார். இதற்கு நடுவில் மியூனிக்கில் சிம்ப்ளிசிசிமுஸ் என்ற மதுக்கூட மேடையில் பாடிப் பேர் வாங்கியிருந்தார். 1913ல் ஒரு கவிதைத் தொகுப்பும் வந்திருந்தது.

மியூனிக்கில்தான் ஹியூகோ பால் அறிமுகமானார். அவர் வேறு மாதிரி ஆள். கத்தோலிக்கக் குடும்பம், தத்துவப் படிப்பு, நாடக அரங்கில் உத்தியோகம். 1914ல் போர் மூண்டதும் எல்லாரையும் போல இவரும் பட்டாளத்தில் சேரத்தான் ஓடினார். மூன்று முறை போய் நின்றார். மூன்று முறையும் உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, கண்ணாலாவது பார்ப்போம் என்று தன் சொந்தப் பொறுப்பில் பெல்ஜியம் பக்கம் போனார். அங்கே பார்த்ததில் ஆள் அடியோடு மாறிவிட்டார். 1915 மே மாதம் இரண்டு பேரும் ஜூரிச்சுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்போது நடுநிலை நாடான சுவிட்சர்லாந்துக்குள் வராதவர்களே இல்லை. பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவர்கள், ஓடுவதற்கு முன்னாலேயே வந்தவர்கள், ஒற்றர்கள், புரட்சிக்காரர்கள், ஜேம்ஸ் ஜாய்ஸ். பணம் உள்ளவர்களுக்கு ஹோட்டல். இவர்கள் இருவருக்கும் பட்டினி. பொய்ப் பெயரில் பதிந்து தங்கியதற்காக பால் சில நாள் உள்ளே இருந்துவிட்டும் வந்தார். பிறகு ஃப்ளமிங்கோ என்ற விகடக் கச்சேரிக் குழுவில் வேலை கிடைத்தது. அவர் பியானோ வாசிக்க, எம்மி பாடுவார். நெருப்பு விழுங்குகிறவனும் கயிற்றில் நடப்பவனும் வரும் மேடைகள் இருக்கிறதே, அந்த ரகம். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் மிக 'அறிவுஜீவித்தனமான' கலை இயக்கம் என்று பிற்பாடு பேரெடுத்ததற்கு ஒத்திகை நடந்தது இப்படிப்பட்ட மேடைகளில்தான்.

இனி அந்த இடம். ஜூரிச்சின் பழைய நகரத்தில், லிம்மாட் ஆற்றங்கரையிலிருந்து மேடேறினால் ஷ்பீகல்காஸே என்று ஒரு குறுகலான தெரு. கண்ணாடிச் சந்து என்று அர்த்தம். அதன் முதல் எண் வீட்டில் யான் எஃப்ரைம் என்ற டச்சுக்கார மாஜி மாலுமி ஒரு மதுக்கூடம் நடத்திவந்தார். கடையின் பெயர் 'டச்சுப் பால்பண்ணை'. (பால்பண்ணையில் போய் விழுந்தவர் பெயர் பால். தமிழில் எழுதினால்தான் கிடைக்கும் சந்தோஷம் இது.) பால் அவரிடம் போய் இலக்கியம், கலை, மானுடம் என்றெல்லாம் பேசவில்லை. பின்னாடி இருக்கும் அறையைக் கொடுங்கள், நாங்கள் ஆட்டம் பாட்டம் போடுகிறோம், உங்களுக்கு பீரும் சாசேஜும் கூடுதலாக விற்கும் என்றார். எஃப்ரைமுக்கு உடனே புரிந்துவிட்டது. மாற்று அரங்கு என்று நாம் பெரிதாகச் சொல்வதெல்லாம் உலகம் பூராவும் இப்படித்தான் ஆரம்பிக்கும் போல. யாரோ ஒரு கடைக்காரருக்கு வியாபாரம் நடக்கணும்.

பத்திரிகையில் சின்னதாக ஒரு அறிவிப்பு கொடுத்தார்கள். எந்தக் கட்சி, எந்தப் போக்கு என்ற வித்தியாசமில்லாமல் இளம் கலைஞர்கள் வரலாம். திறப்பு நாள் அன்று ஆணி அடித்துப் படம் மாட்டிக்கொண்டிருக்கும்போது, கையில் படக்கட்டுகளோடு நாலு பேர் வந்து குனிந்து வணக்கம் சொல்லி நின்றார்களாம். ருமேனியாக்காரர்கள். அதில் ஒருவர் ஓவியர் மார்செல் யாங்கோ, இன்னொருவர் ட்ரிஸ்டன் ஸாரா. ஸாராவுக்கு அப்போது 19 வயசு. அன்று ராத்திரி எம்மியும் இன்னொரு பெண்மணியும் பிரெஞ்சு, டேனிஷ் பாட்டுகள் பாடினார்கள். ஸாரா ருமேனியக் கவிதை வாசித்தார். ஒரு ரஷ்யக் குழு பாலலைக்கா மீட்டியது. கூட்டம் நிரம்பி வழிந்தது. ஜெர்மானியனும் ரஷ்யனும் பிரெஞ்சு பாட்டுக்கு ஒரே மேஜையில் தாளம் போட்டார்கள். அந்தத் தேதியில் ஐரோப்பாவில் வேறு எங்கேயும் இது சாத்தியமா என்று யோசித்துப் பாருங்கள்.

16 நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று வெர்டனில் ஜெர்மன் பீரங்கிகள் முழங்க ஆரம்பித்தன. அந்த ஒரு சண்டை டிசம்பர் வரை நடந்தது. செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாக இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 7 லட்சம் பேர். காபரே வோல்டேரின் கோமாளித்தனங்களை இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கணும். இல்லாவிட்டால் வெறும் மொக்கையாகத் தெரியும்.

ரிச்சர்ட் ஹூல்சன்பெக் பெர்லினிலிருந்து வந்து சேர்ந்தார். மருத்துவம் படித்தவர். வந்ததும் அவர் கேட்டது ஒரு பெரிய டிரம். இலக்கியத்தை மத்தளம் கொட்டியே மண்ணுக்குள் இறக்கிவிட ஆசைப்படுகிறார் என்று பால் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஹூல்சன்பெக் 'ஆப்பிரிக்கப் பாட்டு' என்று தானே இட்டுக்கட்டி, ஒவ்வொரு வரி முடிவிலும் உம்பா உம்பா என்று உறுமுவார். கடைக்கார எஃப்ரைம் கப்பலில் உலகம் சுற்றியவர் இல்லையா, ஒரு நாள் கூப்பிட்டு, தம்பி இது நிஜப் பாட்டே இல்லை என்று சொல்லி, தான் போன ஊர்களில் கேட்ட வார்த்தைகளை எழுதிக் கொடுத்தார். ஹூல்சன்பெக் மரியாதையாக அதையே பாடினார், ஆனால் வரிக்கடைசியில் உம்பாவை மட்டும் விடவில்லை! அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு ஆப்பிரிக்கா என்றால் என்ன நினைப்பு என்பதற்கு இதுவே சாட்சி. போரை எதிர்த்தவர்களுக்கும் அந்த நினைப்பு இருந்தது. அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

மார்ச் கடைசியில் ஹூல்சன்பெக், ஸாரா, யாங்கோ மூன்று பேரும் மேடையில் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் ஒரு கவிதை படித்தார்கள். நடுநடுவே விசில், கிலுகிலுப்பை, மத்தளம். யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. ஐரோப்பிய அரசாங்கங்கள் இரண்டு வருஷமாக இதைத்தானே செய்துகொண்டிருந்தன? மே மாதம் யாங்கோ அட்டையில் முகமூடிகள் செய்து கொண்டுவந்தார். அதை மாட்டிக்கொண்டதும் கை கால் தானாக ஆடத் தொடங்கியது என்று பால் எழுதுகிறார். சாமியாடிப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

உச்சகட்டம் ஜூன் 23. பால் இரண்டு கால்களையும் பளபளக்கும் நீல அட்டைக் குழாய்க்குள் நுழைத்துக்கொண்டார். கழுத்தைச் சுற்றி உள்ளே சிவப்பும் வெளியே தங்க நிறமுமாக ஒரு பெரிய அட்டைக் காலர், அசைத்தால் இறக்கை மாதிரி அடிக்கும். தலையில் நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட உயரமான தொப்பி. நடக்க முடியாது என்பதால் இருட்டில் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் நட்டு வைத்தார்கள். எந்த மொழியிலும் இல்லாத சொற்களால் ஆன கவிதைகளை நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். நமக்குக் கொன்னக்கோல் தெரியும், அர்த்தமில்லாத சொல்லில் எவ்வளவு அர்த்தம் ஏற்ற முடியும் என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் கொன்னக்கோலுக்குத் தாளம் என்ற பிடி இருக்கிறது. பாலுக்கு அதுவும் இல்லை. பாதியில், இதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் தவித்தபோது, குரல் தானாகவே சர்ச்சில் பாதிரியார் இழுத்துப் பாடும் புலம்பல் ராகத்துக்குப் போய்விட்டது. பத்து வயசுப் பையனாகப் பூசையில் நடுங்கிக்கொண்டு நின்ற தன் முகமே அந்த அட்டைக்குள் தெரிந்தது என்கிறார். விளக்கணைத்து, வியர்வையில் நனைந்த ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்திரிகைக்காரர்களும் போர்ப் பிரசங்கிகளும் கெடுத்துவிட்ட மொழியை விட்டுவிட்டு, சொல்லின் ஆழத்துக்கே திரும்பிப் போவதுதான் அவர் நோக்கம். (அன்று சொன்னவற்றில் ஒன்றை எடுத்துத்தான் 1979ல் டாக்கிங் ஹெட்ஸ் குழு 'ஐ ஸிம்ப்ரா' பாட்டைச் செய்தது. பாலின் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.)

இதுவரை சொன்னதுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் கதை. இப்போது என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். அட்டை உடை ஒரு ராத்திரி. மூன்று மொழிக் கவிதை அபூர்வம். மற்ற ராத்திரிகளில் என்ன நடந்தது? அங்கே வந்தவர்களில் பாதிப்பேர் பீர் குடிக்க வந்த மாணவர்கள். கவிதை என்று ஆரம்பித்தால் கூச்சல் போடுகிற ஜாதி. அவர்களை உட்கார வைத்தது எம்மியின் பாட்டு. மெலிந்த உடம்பு, கரகரத்த குரல். நாட்டுப்பாடல், தெருப்பாடல், குறும்புப்பாடல், எது கேட்டாலும் வரும். பழைய பிரஷ்ய ராணுவ நடை மெட்டு ஒன்று உண்டு, குடியும் கும்மாளமுமாகப் பாடுவது. அதே மெட்டுக்கு பால் சாவைப் பற்றி வார்த்தை போட்டுக் கொடுக்க, எம்மி அதைப் பாடினார். மெட்டு தெரிந்த ஜெர்மன் பையன்கள் காலால் தாளம் போட ஆரம்பித்த பிறகுதான் என்ன பாட்டுக்குத் தாளம் போடுகிறோம் என்று உறைத்திருக்கும். அட்டைத் தொப்பியை விட இது கூர்மையான ஆயுதம் என்பது என் கட்சி.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1916 மே மாதம் ஜூரிச் பத்திரிகை ஒன்றே இந்தக் காபரேயின் நட்சத்திரம் எம்மி ஹென்னிங்ஸ்தான் என்று எழுதியது. அந்தக் கும்பலில் வருஷக்கணக்காக மேடையேறியே வயிறு கழுவியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து மணியார்டரோ கையில் ஒரு படிப்போ இருந்தது. அதே வருஷம் ஊரில் அம்மா இறந்துபோக, சுமார் பத்து வயசு மகள் அன்னமாரியும் இவரிடம் வந்து சேர்ந்தாள்.

பின்னே ஏன் மறந்தார்கள்? பாட்டு பாடி முடித்ததும் காற்றோடு போய்விடுகிறது. அறிக்கை அச்சில் நிற்கிறது. ஸாராவும் ஹூல்சன்பெக்கும் அறிக்கை எழுதுவதில் சூரர்கள். 'டாடா' என்ற சொல் பாலின் நாட்குறிப்பில் 1916 ஏப்ரலில் வருகிறது. ருமேனிய மொழியில் ஆமாம் ஆமாம், பிரெஞ்சில் குழந்தைகளின் மரக்குதிரை, ஜெர்மன்காரனுக்கு வெறும் மழலை. (நமக்கு? பஸ் கிளம்பும்போது கையாட்டுவது. இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.) அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தது நானா நீயா என்று ஸாராவும் ஹூல்சன்பெக்கும் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். இதைக் கிண்டல் செய்து ஹான்ஸ் ஆர்ப் 1921ல் ஒரு சாட்சிப் பத்திரம் எழுதினார். ஸாரா அந்தச் சொல்லை முதலில் சொன்னபோது நான் என் பன்னிரண்டு பிள்ளைகளோடு அங்கே இருந்தேன், என் இடது மூக்குத் துவாரத்தில் ஒரு ரொட்டி இருந்தது என்று. ஆர்ப் இந்தக் கும்பலிலேயே எனக்குப் பிடித்த ஆள். அவர் மனைவியான சோஃபி டாய்பர் கலைப்பள்ளி ஆசிரியை, வேலைக்கு ஆபத்து வராமலிருக்க முகமூடி போட்டுக்கொண்டு டாடா மேடையில் ஆடியவர். 1995ல் வெளிவந்த 50 ஃபிராங்க் நோட்டில் அவர் முகத்தையே அச்சடித்தது சுவிஸ் அரசு. இது மாதிரி கணக்குத் தீர்ப்பதைக் காலம் எப்போதாவதுதான் செய்கிறது.

சில வருஷம் முன்பு வேலை விஷயமாக ஜூரிச்சில் கொஞ்ச நாள் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தில் ஏறினேன். முதல் எண்ணில் காபரே. கொஞ்சம் மேலே 12ம் எண் வீட்டுச் சுவரில் ஒரு பலகை, 'வோய்செக்' நாடகம் எழுதிய கியோர்க் பூஷ்னர் 1837ல் செத்த வீடு. அதற்கு அடுத்து 14ம் எண்ணில் இன்னொரு பலகை, 1916 பிப்ரவரி 21 முதல் 1917 ஏப்ரல் 2 வரை லெனின் குடியிருந்த வீடு. தேதியைப் பார்த்தீர்களா? வெர்டன் தொடங்கிய அதே நாள் லெனின் இங்கே மூட்டை முடிச்சோடு வந்திருக்கிறார். மேலே அவர் நூல்நிலையக் குறிப்புகளோடு உட்கார்ந்திருக்க, கீழே இவர்கள் டிரம் அடித்திருக்கிறார்கள். லெனின் காபரேக்கு வந்து போனார், சதுரங்கம் ஆடினார் என்றெல்லாம் பிற்பாடு கதைகள் கட்டினார்கள். எனக்கு அந்தக் கதைகள் தேவைப்படவில்லை. சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தியிருப்பார் என்று நினைத்துக்கொள்வதே போதுமானதாக இருக்கிறது.

ஜூலையில் காபரேயை மூடினார்கள். வருமானம் போதவில்லை, எல்லாரும் களைத்துப் போயிருந்தார்கள். ஜூலை 14 அன்று ஒரு சங்கக் கட்டடத்தில் டாடா மாலை என்று பெரிதாக நடத்திவிட்டு, பாலும் எம்மியும் தெற்கே டிசினோ மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். 1917 வசந்தத்தில் டாடா காட்சிக்கூடம் என்று மீண்டும் சில வாரங்கள். அத்தோடு பாலுக்கு டாடா முடிந்தது. ஹூல்சன்பெக் அதை பெர்லினுக்குக் கொண்டுபோனார், ஸாரா பாரிஸுக்கு. பால் கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பினார். 1920ல்தான் எம்மியை முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார். 1927 செப்டம்பரில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயசு 41.

எம்மி இன்னும் 21 வருஷம் இருந்தார். அந்த வருஷங்களை என்ன செய்தார் தெரியுமா? பாலைப் பற்றி எழுதினார். அவர் கடிதங்களைத் தொகுத்தார், அவர் கடவுளைத் தேடிப் போன பாதையைப் புத்தகமாக எழுதினார், கிட்டத்தட்ட ஒரு மகானாகவே ஆக்கி வைத்தார். தன் பாட்டைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்லவில்லை. அவரை மறந்த பழியில் ஒரு பங்கு அவருக்கும் உண்டு என்று சொன்னால் கோபப்படாதீர்கள். வறுமையிலேயே இருந்து 1948 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். பாலை அடக்கம் செய்த அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இவரும் இருக்கிறார். இருவருக்கும் நண்பரான ஹெர்மன் ஹெஸ்ஸேயும் பிற்பாடு அங்கேயே வந்து சேர்ந்தார்.

அந்தக் கட்டடமும் வேறு வேறு கடையாக மாறி மாறி, 2002 வாக்கில் வேறு உபயோகத்துக்குப் போக இருந்தது. மார்க் திவோ என்ற கலைஞர் தலைமையில் ஒரு கும்பல் பூட்டை உடைத்துப் புகுந்து, குளிர்காலத்தில் சில வாரம் அங்கேயே குடியிருந்து தினமும் நிகழ்ச்சி நடத்தியது. போலீஸ் வெளியேற்றியது. ஆனால் விஷயம் ஊர்வாயில் விழுந்துவிட்டதால் 2004ல் காபரே வோல்டேர் முறைப்படி மறுபடி திறந்தது. செலவைப் பகிர்ந்துகொண்டது ஸ்வாட்ச் கைக்கடிகாரக் கம்பெனி! மக்கள் வரிப்பணத்தில் இதற்கு எதற்கு வாடகை என்று கேட்டு ஒரு கட்சி கிளம்ப, 2008ல் அதற்காகவே ஓட்டெடுப்பு நடந்தது. ஊர் ஜனம் காபரே பக்கம்தான் ஓட்டுப் போட்டது.

நூற்றாண்டு வந்த 2016ல் ஜெர்மனியில் எம்மியின் எழுத்துகளை விளக்கக் குறிப்புகளோடு மறுபதிப்பு செய்யத் தொடங்கினார்கள். முதல் தொகுதி 'சிறை'. ஜெர்மன் தெரிந்த யாராவது அதைத் தமிழில் கொண்டுவருவதாக இருந்தால் முதல் பிரதிக்கு இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன்.